நம் ஊரில் யாரும் மூச்சு முட்டிச் சாகவில்லை

என் பேச்சியக்காவுக்கு,

"என்னளா, ஆபீசுக்கு மனு எழுதுத மாதிரி ஆரம்பிக்க" என்று நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. நேரில் உன்னோடு அரைமணி நேரம் சேர்ந்தாற்போலப் பேசியவள் இல்லை நான். எனக்குப் பேச்சு வராது, உனக்கு மூச்சு வராது. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு உன்னை நிறுத்திவிட்டாலும், கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாய்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. சொல்ல வேண்டியது சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் குமட்டுகிற செய்திகள்தான். பொறுத்துக்கொள்.

முதல் செய்தி. நீ நகரத்துக்காரியாகச் செத்திருக்கிறாய். கடைசி மூன்று நாள் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் இருந்தாய் அல்லவா, அதனால் உன் சாவு மாநகராட்சியில் பதிவாகியிருக்கிறது. சான்றிதழின் அடியில் நிரந்தர முகவரி என்று ஒரு வரியில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரித் தாளில் காரணம் என்ற இடத்தில் இதயமும் மூச்சும் நின்றதால் என்று எழுதியிருக்கிறார்கள். யாருக்குத்தான் அவை நிற்காமல் சாவு வந்தது என்று அந்த மேசைக்காரரிடம் கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான் மேடம் போடுதது" என்றார்.

உன்னோடு வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றியவர்களில் உனக்கு முன்னால் போன இரண்டு பேரும் இப்படித்தான். கடைசி நாளில் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்கு ஓடிவந்து இங்கே செத்தார்கள். நம் ஊர்ப் பதிவேட்டைப் பார்த்தால் அங்கே யாரும் மூச்சு முட்டிச் சாகவில்லை. ஆற்றுக்காற்று வீசுகிற ஊர், அங்கே எப்படிச் சாவார்கள்?

நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள். இருபது வருஷமாக எண்களைச் சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கிறேன். உன் மருந்தை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும், போன வருஷம் தையில் என் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். அவருக்கு நுரையீரல் நோய் என்று தெரிந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய நண்பர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் யோசனை சொன்னார்கள். பைபாஸ் தூசியில் என்ன இருக்கிறது, கொஞ்ச நாள் கிராமத்தில் போய் இருங்கள், சுத்தமான காற்று, நுரையீரல் கழுவினாற்போல ஆகிவிடும் என்றார்கள். நானும் பெட்டியைக் கட்டினேன்.

நான்கு நாள் இருந்தோம். அவர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆற்றுப் பக்கம் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்தார். நீ உள்ளே, சன்னல் இல்லாத அடுப்படியில், ஈர விறகை ஊதி ஊதி அவருக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாய். ஒரு குழம்பு இறக்குவதற்குள் மூன்று முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "வயசாச்சுல்லா" என்றாய். உனக்கு அப்போது ஐம்பத்தாறு. அவருக்கும் ஐம்பத்தாறு.

சாப்பிட்டு முடித்து அவர் இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினார். வாய் கொப்பளிக்க நீதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். கொடுத்துவிட்டு மூச்சு வாங்க நின்றபடி அதையே பார்த்தாய்.

"இது என்ன தம்பி, சென்ட்டா?"

"இதுதான் மயினி என் உசிரு. இது கையில இருக்க வரைக்கும் எமன் நம்ம வாசப்படி ஏறமாட்டான்" என்றார் அவர்.

அவர் விளையாட்டாகச் சொன்னது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சுத்தமான காற்றுக்கு வந்தவருக்கும், அவருக்காகப் புகையில் நின்றவளுக்கும் ஒரே நோய். அவருக்கு நோய்க்குப் பெயர் இருந்தது, உனக்கு இல்லை. ஊரில் அதை இளைப்பு என்றார்கள், சளி என்றார்கள், மேலுக்கு முடியல என்றார்கள்.

எப்படி அவருக்கு மட்டும் பெயர் கிடைத்தது தெரியுமா? முதல் நாளே டாக்டர் கேட்டார், சிகரெட் உண்டா என்று. "உண்டு, இருபத்தைந்து வருஷமா" என்று ஏதோ பட்டம் வாங்கியதைப் போலச் சொன்னார். உடனே ஊதும் சோதனை, படம், மருந்து, தடுப்பூசி, மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண். உன்னிடம் பஜாரில் உள்ள டாக்டர் என்ன கேட்டார்? பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார். "சீ, பொம்பளையப் பாத்து என்ன கேக்கிய" என்று நீ முகத்தைச் சுளித்தாய். அவரும் சிரித்துக்கொண்டு இல்லை என்று எழுதினார். பத்து வயதிலிருந்து மடியில் தட்டை வைத்துப் புகையிலைத் தூளை மூச்சில் இழுத்தவள் நீ. மூன்று வேளையும் விறகுப் புகையில் நின்றவள். ஆனால் தாளில் நீ புகைக்குச் சம்பந்தமில்லாதவள். தானாகப் புகைத்தவருக்குச் சோதனை, பிறர் புகைக்கச் சுற்றிக் கொடுத்தவளுக்கு ஊசி. பன்னிரண்டு வருஷம், வாரம் ஒன்று.

நடுவில் ஒருமுறை டிபியாக இருக்குமோ என்று சளியைப் பரிசோதித்தார்கள். இல்லை என்று வந்ததும் அத்தான் பாயசம் வைக்காத குறைதான். டிபி இல்லை என்றால் நோயே இல்லை என்று எல்லோரும் எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? அந்த ஊரிலிருந்தே படித்துப் போன ஒருத்தி இருந்தாள், அவளும் ஃபோனில் "அப்பாடா" என்றுதான் சொன்னாள்.

கோழிக்குழம்பு வாரம் முடிந்ததும் உன்னை இழுத்துக்கொண்டு வந்து என் வீட்டுக்காரரின் டாக்டரிடம் காட்டினேன். ஊதும் சோதனை அறையில் நீ செய்த கூத்து இன்னும் அங்கே பேச்சாக இருக்கிறது. குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "எனக்குச் சிரிப்பா வருது, கலியாண வீட்டுல நாகசுரம் வாசிக்கச் சொல்லுத மாதிரில்லா இருக்கு" என்றாய். அந்தப் பையன், "விடாதீங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று கத்தக் கத்த நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய். ஆம்பிளைப் பையன் முன்னால் வாயைக் குவித்து ஊத உனக்கு வெட்கம். நான்காவது முறைதான் ஊதினாய். தாளைப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை. "இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்கம்மா?" என்றார். வாரா வாரம் ஒரு டாக்டர் முன்னால்தான் இருந்தாள் என்று நான் சொல்லவில்லை. சபையில் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

இன்ஹேலர் கொடுத்தார்கள். காலையும் மாலையும் தினமும் இழுக்க வேண்டும், நன்றாக இருந்தாலும் இழுக்க வேண்டும் என்று நர்ஸ் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். நீ தலையாட்டினாய். பஸ் ஏற்றிவிட்டேன். என் கடமை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து பேப்பர் திருத்த உட்கார்ந்தேன்.

ஞாயிறு தோறும் ஃபோனில் கேட்டேன். "மருந்து எடுக்கியாக்கா?"

"எடுக்கேன் ளா."

"தெனமுமா?"

"எடுக்கேம்னு சொல்லுதேம்லா."

ஐப்பசி அடைமழையில், விடிந்து கொஞ்ச நேரத்தில், அத்தான் உன்னை ஆட்டோவில் என் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். உதடு நீலம். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மலை ஏறி இறங்கினாய். இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை என் கையில் கொடுத்தாய். இன்ஹேலர். வாங்கிக் கொடுத்த எட்டு மாதமும் பிரிக்கவே இல்லை. மூடி மேல் ஒட்டிய தாள்கூட அப்படியே இருந்தது. குங்குமம் வேறு வைத்திருந்தாய்.

"இப்பத் தொறக்கலாமாளா?" என்று கேட்டாய்.

அக்கா, அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. மூன்றே நாள்.

அப்புறம்தான் உன் மகள் இசக்கி சொன்னாள். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாயாம். அது கடைசி மருந்து, இப்போதே எடுத்துவிட்டால் முடியாத நேரத்துக்கு என்ன இருக்கும் என்றாயாம். என் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டாயே, அது கையில் இருக்கும்வரை எமன் வரமாட்டான் என்று. கையில் இருந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டாய். பஜார் டாக்டரும் அவர் பங்குக்கு, இந்த இன்ஹேலர் பம்பு எடுத்தால் பழகிவிடும் என்றாராம். இருபது வருஷமாக எல்லாவற்றையும் சந்தேகிப்பவள், "எடுக்கேன் ளா" என்ற இரண்டு வார்த்தையை நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, எடு பார்ப்போம் என்று கேட்கத் தோன்றவில்லை. மற்றவர்கள் மேல் வருகிற அருவருப்பு எல்லாம் இந்த இடத்தில் வந்து என் மேல் திரும்பிக்கொள்கிறது.

உன் பதினாறாம் நாள் விருந்தில் ஒரு உறவுக்காரர் என்னைக் காட்டி, "அந்த அம்மா பீடி சுத்தியே தங்கச்சிய எம்மெஸ்சி ஆக்கினா" என்று நாலு பேர் கேட்கப் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் இலையை மூடினேன். உன் நெஞ்சைக் கிழித்து என் சான்றிதழைச் செய்தது, பாராட்டாகப் பந்தியில் பரிமாறப்பட்டது.

இரண்டாவது செய்தி. சித்திரையில் இங்கே ஒரு ஓட்டலில் கருத்தரங்கம் நடந்தது. நாள்பட்ட நுரையீரல் நோய், நகரமும் கிராமமும் என்று தலைப்பு. கணக்குப் பார்க்கத் தெரிந்தவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குளிர்பதன அறை, மருந்து விற்பவர்கள் கொடுத்த பை, நடுவில் சமோசா. திரையில் அடுப்பு ஊதும் ஒரு கிழவியின் படத்தைப் போட்டார்கள். புகை அழகாக விழுந்திருந்தது.

பேசியவர் சொன்னார், கிராமத்தில் நோயாளிகள் மிகவும் தாமதமாக வருகிறார்கள், காரணம் விழிப்புணர்வு இல்லை என்று. எனக்குக் கை தானாகத் தூக்கிக்கொண்டது. என் வாழ்க்கையில் முதல் முறை.

"பன்னிரண்டு வருஷம் வாரா வாரம் டாக்டரிடம் போனவள் உங்கள் கணக்கில் எப்போது வந்தவள்?" என்று கேட்டேன். "ஊரில் நோய் வாங்கி இங்கே வந்து சாகிறவர்களை எந்தப் பக்கத்தில் சேர்க்கிறீர்கள்?"

"நல்ல கேள்வி மேடம். டீக்குப் பிறகு பார்ப்போம்" என்றார். டீ இடைவேளையில் வெளியே போனேன். மாடிப்படிக்குக் கீழே நான்கு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான்கு பேர் கழுத்திலும் கருத்தரங்க அட்டை தொங்கியது. நான் பையை அங்கேயே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நகரத்தை நான் புகழவில்லை. குப்பை எரிகிற தெருவில்தான் நானும் இருக்கிறேன். ஆனால் இங்கே மூச்சு வாங்கினால் கேட்க ஆள் இருக்கிறது. அங்கே மூச்சு வாங்கினால் உட்காரச் சொல்ல மட்டும் ஆள் இருக்கிறது.

இப்போது உன் மகளின் செய்தி. இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

நீ போன பிறகு இசக்கி பேசும்போது நடுநடுவே நிறுத்துவதைக் கவனித்தேன். இந்த முறை ஃபோனில் கேட்கவில்லை. அழைத்துப் போய் ஊத வைத்தேன். அவள் சிரிக்கவில்லை, முதல் தடவையே ஊதினாள். ஆரம்ப நிலை, தினமும் மருந்து இழுத்து, தூளையும் புகையையும் விட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அவளுக்கு இருபத்தாறு வயது. பன்னிரண்டில் பீடித் தட்டை எடுத்தவள்.

அத்தானுக்கு வேறு கவலை. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் வருஷத்துக்குள் ஒரு நல்ல காரியம் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தள்ளிப் போகும் என்று ஊரில் சொல்கிறார்களே, அதைப் பிடித்துக்கொண்டார். ஆனியில் ஒரு மாப்பிள்ளை வந்தது. கங்கைகொண்டானில் கம்பெனி வேலை. ஞாயிறு காலை பெண் பார்க்க ஐந்து பேர் வருவதாகச் செய்தி. நானும் போயிருந்தேன்.

"அந்தப் பம்பு எங்க கெடக்கு? வாரவுக கண்ணுல பட்டுறக்கூடாது" என்றார் அத்தான். "ஆத்தாளும் இளைப்புல போனா, மகளுக்கும் இளைப்புன்னா எவன் கெட்டுவான்?"

"மருந்துதான அத்தான். ஒளிக்கதுக்கு அது என்ன சாராயமா?"

"நீ டவுன்ல இருக்க வடிவு. ஒனக்கு எல்லாம் பேசலாம். பேசாம இரு."

இன்ஹேலரை வாங்கிக்கொண்டு போய் அரிசி டிரம்மில் புதைத்தார். பிறகு லட்சுமிகரமாக இருக்கட்டும் என்று வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார். என்னால் நம்ப முடியவில்லை. நுரையீரல் கெட்ட பெண்ணைக் காட்டுவதற்கு வீட்டைப் புகையால் நிரப்பினார்.

இசக்கி காப்பித் தட்டோடு வந்து நின்றபோது அவள் நெஞ்சில் விசில் சத்தம். ஐந்து பேர் காதிலும் விழுந்தது. ஐந்து பேரும் காப்பியைப் புகழ்ந்தார்கள். "பால் நல்ல திக்கா இருக்கு, வீட்டு மாடா?" என்று ஒருவர் கேட்டார். இசக்கியின் கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. டம்ளர்கள் தட்டில் கிலுகிலுவென்று ஆடின.

நான் எழுந்து உள்ளே போனேன். டிரம்மில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தேன். அரிசியைத் தட்டிவிட்டு, நடு வீட்டில், அத்தனை பேர் முன்னால் அவள் கையில் கொடுத்தேன். "எடு" என்றேன். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை இழுத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா, மெலிந்த மனுஷி, என்னைப் பார்த்துக்கொண்டே இடுப்புப் பையை அவிழ்த்தாள். அவளிடமும் ஒன்று இருந்தது.

"இதுக்கா மயினி இப்படி ஒளிச்சு வச்சிருக்கிய? எனக்கும் உண்டும். தெனமும் எடுக்கதில்ல. ரொம்ப முடியாதப்ப ஒரு இழுப்பு, அவ்வளவுதான்."

எனக்கு ஒரு கணம் மனசு லேசானது. இந்த வீடு தேறும் என்று நினைத்தேன். அடுத்த வாக்கியத்தில் அது முடிந்தது.

"பம்பு கெடக்கட்டும். பிள்ளைக்குக் கை வேகம் எப்படி? எனக்கு முன்ன மாதிரி சுத்த முடியல. பீடிக் கடைக் கணக்குல எம் பேரு சும்மா கெடக்கு. இவ வந்தா அது நிக்காம ஓடும்."

"கை வேகத்துல அவ ஆத்தாளத் தாண்டிருவா" என்றார் அத்தான். முகம் மலர்ந்து சொன்னார், அக்கா. நான் அவரை அடிக்காதது படித்ததால் வந்த குறை.

நான்கு தலைமுறையாக இந்தத் தாமிரபரணிக் கரையில் இப்படித்தான் பெண் எடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரு நெஞ்சு ஓய்ந்த இடத்தில் இன்னொரு நெஞ்சு. நோய் தடையே இல்லை. அதை ஒளித்துவைக்க அவசியமே இருக்கவில்லை. மாட்டுக்குப் பல் பார்ப்பவர்கள் அதன் மூச்சையும் கொஞ்சம் பார்ப்பார்கள்.

அவர்கள் போன பிறகு டம்ளர் கழுவிக்கொண்டே இசக்கி சொன்னாள். "சித்தி, மாப்பிள்ள வீடு பாக்க நீங்க போவியல்லா. மத்த எதையும் பாக்காண்டாம். அடுப்படிய மட்டும் பாத்துட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை போனேன். உன் இடத்தில் நின்று பார்க்க வேறு யாரும் இல்லை. வீடு சிமெண்டு வீடு, மார்பிள் தரை, பெரிய டிவி. அடுப்படியில் சன்னல் இருந்தது, பல்லி வரும் என்று அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். சுவர் தார் பூசினாற்போல இருந்தது. மூலையில் கேஸ் சிலிண்டர், அதற்குப் பூப்போட்ட உறை, மேலே ஒரு பிளாஸ்டிக் ரோஜாச் செண்டு.

"இது?" என்று கேட்டேன்.

"அது விருந்தாள் வந்தா காப்பி போட மயினி. தெனமும் எரிச்சா, அவசரத்துக்கு என்ன செய்ய?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பக்கத்தில் விறகடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அதற்கு நான்கு அடி தள்ளி, கோணியில் நனைத்த இலையும் தூளும் தட்டும். அங்கேதான் இசக்கி உட்காருவாள் என்று கையை நீட்டிக் காட்டினாள். ஃபேன் காற்று வராது, தூள் பறக்காது, வசதியான இடமாம்.

மாப்பிள்ளை நல்ல பையன் மாதிரிதான் தெரிந்தான். தூசி அதிகம் என்று கம்பெனியில் முகமூடி கொடுப்பார்களாம், போடாமல் போனால் உள்ளே விடமாட்டார்களாம். ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தாய்க்குக் கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. கம்பெனியில் இருந்தால் தூசி, வீட்டில் இருந்தால் சமையல்.

திரும்பி வந்து பார்த்ததைப் பார்த்தபடி இசக்கியிடம் சொன்னேன். போகாதே என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை என்று ஒரு தயக்கம். வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள்.

"நான் அப்பாட்ட சொல்லுதேன். நீங்க சொன்னா ஒங்களத்தான் திட்டுவாவ."

"என்னையும் திட்டட்டும். கூட நிக்கேன்."

அத்தான் எதிர்பார்த்தபடி குதித்தார். "அடுப்படி பாத்து வேண்டாம்ங்கியா? ஊருல எந்த வீட்டுல புகை இல்ல? ஒங்காத்தா முப்பது வருசம் அதே அடுப்படியில நின்னுதான குடும்பம் நடத்துனா?"

"நின்னுதான செத்தா" என்றாள் இசக்கி.

அவ்வளவுதான் பேச்சு. அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. படித்த சித்திக்காரி பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் என்று ஊரில் பேச்சு. நீ சொல், கெடுத்துவிட்டேனா? வருஷத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. அது தாண்டினால் எத்தனை வருஷம் தள்ளிப் போகுமோ எனக்குத் தெரியாது.

வெற்றி என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இசக்கி இன்னும் தட்டை முழுதாக விடவில்லை, வேறு வேலை கிடைக்கவில்லை. அளவைப் பாதியாகக் குறைத்து, வாசலுக்கு வெளியே காற்றில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுற்றுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொள்ளைக்காரி என்று கூப்பிடுகிறார்களாம். வீட்டில் கேஸ் அடுப்புதான் எரிகிறது. குழம்பில் ருசியே இல்லை என்று அத்தான் தினமும் சொல்லிவிட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுகிறார். நான் கொடுத்துவிட்ட தையல் வகுப்பு விண்ணப்பம் அவளிடம் இருக்கிறது. பார்ப்போம்.

காலை ஏழு மணிக்கு அவள் எனக்கு வீடியோவில் வருகிறாள். மருந்தை ஆட்டி, மூச்சை வெளியே விட்டு, உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி, பிறகு வாய் கொப்பளிப்பாள். நான் இங்கே வாய்க்குள் எண்ணுவேன். இருவரும் அதிகம் பேசுவதில்லை, அவளும் என்னைப் போலத்தான். மாலையும் அப்படியே. இரண்டு வேளையில் ஒன்று தவறினாலும் அடுத்த பஸ்ஸில் ஏறுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை ஏறியும் இருக்கிறேன். அவள் ஃபோனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

உனக்கு நான் கொடுக்கக்கூடிய வாக்கு இவ்வளவுதான். இனி இசக்கியைப் பார்க்க எவர் வந்தாலும், காப்பி கொடுப்பதற்கு முன்னால் நானே எழுந்து சொல்வேன். இந்தப் பெண்ணுக்கு நெஞ்சில் நோய் இருக்கிறது, இரண்டு வேளை மருந்து எடுப்பாள், புகை அடைந்த வீட்டுக்கு வரமாட்டாள், உங்கள் வீட்டில் யாருக்குப் பதிலாகவும் தட்டெடுக்கமாட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் அவள் காப்பி கொண்டுவருவாள்.

உன் மகள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் உன் கூடப்பிறந்தவள்,
வடிவு